யார் வீட்டில் தங்கி எழுதுகிறோம்?

பண்டிதர் அயோத்திதாசர் நினைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பேச அழைத்தபோது, "இலக்கியம் பற்றித்தான் பேச வேண்டுமா?" என்று கேட்டேன். "நீ படித்ததைப் பற்றிப் பேசு" என்றார்கள். நான் படித்தது மானிடவியல். அதில் இனவரைவியல் என்று ஒரு முறை இருக்கிறது. ஓர் ஊரில் போய்த் தங்கி, அந்த மக்களோடு உண்டு உறங்கி, அவர்கள் செய்யும் வேலையில் கைகொடுத்து, பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றே எழுதி, அந்தக் குறிப்புகளிலிருந்து அவர்கள் வாழ்க்கையை விளங்கிக்கொள்ளும் முறை. அதை நான் கற்றது மெக்சிகோ நாட்டின் யுகாத்தானில், ஒரு கோடைக்காலக் களப்பள்ளியில். பண்டிதர் நினைவு நாளில் இதை ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். தொடர்பு இருக்கிறது.

1909இல் எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மூக்கின் நீளம், அகலம், தலையின் நீளம், அகலம் என்று கருவி வைத்து அளந்து சாதிவாரியாக அட்டவணை போட்டவர். அதே ஆண்டுகளில், அதே சென்னையில், எழும்பூரிலிருந்து நடந்தே போகக்கூடிய இராயப்பேட்டையில், பண்டிதர் 'தமிழன்' இதழை நடத்திக்கொண்டிருந்தார். 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, 1914 மே மாதம் அவர் மறையும்வரை வாரந்தோறும் வந்தது. தர்ஸ்டன் நம் முன்னோரின் உடலை அளந்தார். பண்டிதர் நம் பண்டிகையை, சடங்கை, வழக்குச் சொல்லை, பாட்டிமார் சொன்ன கதையை எடுத்து, இது எங்கிருந்து வந்தது, இதன் பொருளைத் திருப்பியவர் யார் என்று கேட்டார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்களில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. கேள்வி கேட்பவரின் இடத்தில் அவர் உட்கார்ந்தார். அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இன்னொரு நாளும் நினைவில் இருக்கட்டும். 1916 மே 9. நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசிக்கிறார். 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி.' பாபாசாகேப் அம்பேத்கர் பொருளாதாரம் படிக்கப் போனவர் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். சரிதான். ஆனால் அகமணம்தான் சாதியின் இயந்திரம் என்று அவர் பிரித்துக் காட்டியது ஒரு மானிடவியல் வகுப்பறையில். அக்கட்டுரையை எழுத அவர் எந்தக் கிராமத்திலும் போய்த் தங்கவில்லை. தங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இனி யுகாத்தானுக்கு வருகிறேன்.

களப்பள்ளி என்றால் கட்டடம் கிடையாது. கோடை விடுமுறையில் பத்துப் பதினைந்து மாணவர்களை ஒரு பேராசிரியர் ஓர் ஊருக்குக் கூட்டிப் போவார். ஆளுக்கொரு வீட்டில் தங்க வேண்டும். காலையில் ஒரு பயிற்சி, மாலையில் அதைப் பற்றிய விவாதம், இரவில் எழுத்து. கட்டணம் சில ஆயிரம் டாலர். நான் அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். துறை பெரும்பகுதியைக் கட்டியதால் போக முடிந்தது. சிச்சேன் இட்சா என்ற புகழ்பெற்ற மாயா நகரத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறு வாரம்.

முதலில் கற்றுக்கொடுத்தது நாட்குறிப்பு எழுதுவதை. இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. நடக்கும்போதே அதில் சொற்களை மட்டும் கிறுக்கிக்கொள்ள வேண்டும். இரவு எத்தனை மணியானாலும் பெரிய நோட்டில் விரித்து எழுதிவிட்டுத்தான் தூங்க வேண்டும். எழுதி முடிக்கும்வரை அன்றைக்கு நடந்ததை யாரிடமும் பேசக்கூடாது. பேசினால் பேசியதுதான் நினைவில் நிற்கும், நடந்தது போய்விடும். இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் மட்டும். வலப்பக்கத்தில் நமக்குத் தோன்றியது. ஒருவர் சொன்ன சொல் அப்படியே காதில் விழுந்திருந்தால் மட்டும் மேற்கோள் குறி. "அவர் கோபமாக இருந்தார்" என்று இடப்பக்கத்தில் எழுதினால் பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். கோபத்தை நீ எப்படிப் பார்த்தாய்? குரல் உயர்ந்ததா, பாத்திரத்தை ஓசையோடு வைத்தாரா, அதை எழுது என்பார். இலக்கியம் எழுதுகிறவர்களுக்கும் இது நல்ல பயிற்சிதான்.

இரண்டாவது பயிற்சி, மாவு அரைக்கும் மில்லில் ஒரு மணி நேரம் நிற்பது. அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, வாளியில் எடுத்துக்கொண்டு பெண்கள் விடிகாலையில் மில்லுக்கு வருவார்கள். அரைத்த மாவில்தான் அன்றைய ரொட்டி. நின்று பார்த்ததையெல்லாம் எழுத வேண்டும். நான் எழுதியதில் முதல் வரி: "வரிசை ஒன்றுதான் இருக்கிறது." என்னோடு வந்த அமெரிக்க மாணவர் எவரும் அதை எழுதவில்லை. வாளியின் நிறம், மில்லின் சத்தம், பெண்களின் பூவேலை செய்த உடை எல்லாம் எழுதியிருந்தார்கள். மாலை விவாதத்தில் பேராசிரியர், "இல்லாத ஒன்றை எழுதியிருக்கிறாய், இரண்டாவது வரிசை உன் தலையில் இருந்து வந்தது, அது வலப்பக்கத்துக்குப் போக வேண்டும்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரேஷன் கடையில், குழாயடியில், கோயில் கூழ் ஊற்றும் இடத்தில் இரண்டு வரிசை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒற்றை வரிசை ஒரு தகவல். வாளியின் நிறம் எப்படித் தகவலோ அப்படி. அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அவர், "சரி, அப்படியானால் இந்த ஊரின் இரண்டாவது வரிசை எங்கே நிற்கிறது என்று தேடு" என்றார். நல்ல ஆசிரியர் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

தேடினேன். மில்லில் இல்லை. ஊருக்கு வெளியே இருந்தது. மெரிதா நகரத்தில் குடும்பப் பெயரைச் சொன்னதும் முகம் மாறும். சான், கனுல், துசுல் என்று மாயாப் பெயர் இருந்தால் ஒரு பார்வை, ஸ்பானியப் பெயர் இருந்தால் வேறு பார்வை. இதனால் பெயரை ஸ்பானியமாக்கிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. "எந்தத் தெரு?" என்று நம்மிடம் கேட்பார்களே, அந்தக் கேள்வியை அங்கே குடும்பப் பெயரை வைத்தே கேட்டுவிடுகிறார்கள். சுற்றுலா விடுதிகளில் வரவேற்பு மேசையில் நிற்பவர் ஒருவர், அறை துடைப்பவர் இன்னொருவர். தங்கள் முன்னோர் கட்டிய பிரமிடைப் பார்க்க வருபவர்களுக்கு மரப்பொம்மை விற்கும் கிராமத்தார், அந்த வளாகத்துக்குள் கடை விரிக்கும் உரிமைக்காக அதிகாரிகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

இன்னும் ஒன்று கிடைத்தது. கிழக்கு யுகாத்தானில் எந்தப் பெரியவரிடம் பேசினாலும் ஒரு போரைப் பற்றிய பேச்சு வந்துவிடும். வரலாற்று நூல்களில் அதன் பெயர் 'குவெர்ரா தே காஸ்தாஸ்'. சாதிப் போர். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காஸ்தா என்ற சொல் ஸ்பானியர்களுக்கும் போர்த்துகீசியர்களுக்கும் பொது. பிறப்பு, கால்வழி என்று பொருள். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் இறங்கி, இங்கே பார்த்ததற்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து வந்தது. ஸ்பானியர் அதே சொல்லை மெக்சிகோவுக்குக் கொண்டுபோய், கலப்புப் பிறப்பு உடையவர்களை வகை பிரிக்கப் பயன்படுத்தினார்கள். சொல் ஒன்று, கப்பல் இரண்டு.

1847 ஜூலையில் மனுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயாத் தலைவரை வய்யதோலித் நகரில் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் தெபிச் கிராமத்தில் கிளர்ச்சி வெடித்தது. பின்னால் இருந்தவை நிலப்பறிப்பு, வரி, தேவாலயத்துக்குக் கட்ட வேண்டிய காசு. பிடிபட்ட மாயர்களைக் கியூபாவுக்கு அடிமைகளாக விற்றார்கள். கிளர்ச்சியாளர்கள் சான் சாந்தா குரூஸ் என்ற ஊரைத் தலைநகராக்கி 1901 வரை தாக்குப்பிடித்தார்கள். ஐம்பது ஆண்டுக்கும் மேல். நிலத்துக்காக நடந்த அந்தப் போருக்குச் 'சாதிப் போர்' என்று பெயர் வைத்தவர்கள் மெரிதாவில் இருந்த ஆளும் கூட்டத்தார். நம் ஊரில் சேரியைக் கொளுத்திவிட்டு மறுநாள் 'இரு தரப்பினர் மோதல்' என்று செய்தி போடுவதை எனக்கு அது நினைவூட்டியது.

நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஆடையில் பூவேலை செய்து விற்பவர். மூன்று கல் வைத்த அடுப்பு, நம்முடையதைப் போலவே. கட்டில் கிடையாது. ஏணை போன்ற தொங்கு வலையில்தான் எல்லோரும் தூங்குவார்கள். எனக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தார். மாயா மொழியில் நலம் விசாரிப்பது "பிஷ் ஆ பேல்". உன் வழி எப்படி இருக்கிறது என்று பொருள். என் பெயரை மட்டும் கேட்டார். அப்பா பெயரையும் கேட்கவில்லை, ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாததால் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அந்த நிம்மதி குறைந்துவிடவில்லை.

மூன்றாவது வாரம் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "மகளே, உங்கள் ஊருக்கும் இப்படிப் பிள்ளைகள் வந்து தங்கி எழுதிக்கொண்டு போவார்களா?"

வந்து எழுதுவார்கள், தங்க மாட்டார்கள் என்றேன். எங்கள் காலனிக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்களை அங்கே வரச்சொல்லி, பெயர், வயது, வருமானம், கழிப்பறை உண்டா இல்லையா என்று எழுதிக்கொண்டு போனார்கள். என் அம்மா சொம்பில் கொண்டுவந்து வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. ஸ்பானிய மொழியில் தட்டுத்தடுமாறி இதைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இங்கே தங்குவார்கள், சாப்பிடுவார்கள், போட்டோ அனுப்புவார்கள். எழுதியதை மட்டும் யாரும் அனுப்பியதில்லை" என்றார். அதுவரை அவர் வீட்டில் பதினொரு மாணவர்கள் தங்கியிருந்தார்கள்.

அன்று இரவிலிருந்து என் குறிப்புகளை அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. முதல் நாளே ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார், சட்டப்படி அது போதும். ஆனால் வாசிக்கக் கேட்ட பிறகுதான் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. சில இடங்களில் சிரித்தார். தன் தங்கையைப் பற்றிய ஒரு பகுதி வந்ததும் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இது வேண்டாம்" என்றார். அவர் முன்னாலேயே அந்தப் பக்கத்தை அடித்தேன். என் ஆய்வேட்டுக்கு மிகவும் பயன்பட்டிருக்கும் பக்கம் அது. என்ன இருந்தது என்பதை இங்கேயும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பகுதி மானிடவியலில் பெயர்போன இடம். பக்கத்தில் உள்ள சான் கோம் கிராமத்தைப் பற்றி ராபர்ட் ரெட்ஃபீல்டும் அல்ஃபோன்சோ வில்யா ரோஹாஸும் சேர்ந்து எழுதிய நூல் 1934இல் வந்தது. வில்யா ரோஹாஸ் மெரிதாவிலிருந்து அந்த ஊருக்கு வந்த பள்ளி ஆசிரியர். அவர் பெயர் அட்டையில் இருப்பது அந்தக் காலத்துக்கு நல்ல செய்தி. நூலில் ஊரார் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் பகுதி உண்டு. அதைச் சொல்பவர் ஊர்த் தலைவர். ஊரில் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள்.

ரெட்ஃபீல்ட் அதற்கு முன்பே, 1926இல், மத்திய மெக்சிகோவின் தெபோஸ்த்லான் என்ற ஊரில் ஆய்வு செய்திருந்தார். ஒற்றுமையான, இசைவான ஊர் என்ற சித்திரம் அவர் நூலில் கிடைக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டுக்குப் பிறகு ஆஸ்கர் லூயிஸ் அதே ஊருக்குப் போனார். 1951இல் அவர் நூல் வந்தது. வறுமை, நிலத் தகராறு, பொறாமை, பயம், அரசியல் பகை எல்லாம் அதில் இருந்தன. ஒரே ஊர்தானா என்று கேட்கத் தோன்றும். ரெட்ஃபீல்ட் பின்னால் இதற்கு நேர்மையாகவே பதில் சொன்னார். தன் நூலுக்குப் பின்னால் மறைந்திருந்த கேள்வி இந்த மக்கள் எதில் மகிழ்கிறார்கள் என்பது, லூயிஸ் நூலுக்குப் பின்னால் இருந்தது இவர்கள் எதனால் துன்பப்படுகிறார்கள் என்பது என்றார். களப்பள்ளியில் இதைப் பாடமாகப் படித்த அன்று எனக்குத் தமிழ்நாட்டைப் பற்றிய நூல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்குப் பக்கத்தில் ஆய்வு செய்தபோது தங்கியது ஊர்த் தலைவருக்குச் சொந்தமான வீட்டில். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சைப் பகுதியில் ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்த ஊரில் ஆய்வு செய்தார், அக்கிரகாரத்தில் தங்கினார். ஊரார் தன்னைப் பிராமணராகவே பாவித்ததையும், அதனால் ஆதிதிராவிடர் பற்றிய தன் தரவுகள் வலுக்குறைந்தவை என்பதையும் அவரே நூலில் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு மரியாதை செய்ய வேண்டும். அதே சமயம், அந்த நூலை மேற்கோள் காட்டும் நூறு பேரில் எத்தனை பேர் இந்த வரியையும் சேர்த்து மேற்கோள் காட்டுகிறார்கள்?

1979இல் மைக்கேல் மொஃபாட் நூல் வந்தது. செங்கல்பட்டுப் பகுதியில் சேரி மக்களை ஆய்வு செய்தவர். தங்களை ஒதுக்கிவைத்த அமைப்பின் விழுமியங்களை இம்மக்களும் ஏற்கிறார்கள், அதையே தங்களுக்குள் திரும்பப் படைக்கிறார்கள், இங்கே இருப்பது ஒத்திசைவு என்று வாதிட்டார். உழைத்து எழுதப்பட்ட நூல், தூக்கி எறியக்கூடியதில்லை. சேரிக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு என்பதை மறைக்க வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை. ஆனால் ஒருவர் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எந்தப் பக்கத்தில் எழுதுவது, இடப்பக்கத்திலா வலப்பக்கத்திலா? தலை ஆடியது மட்டும்தான் இடப்பக்கம். கூலி கேட்டுக் கைகட்டி நிற்கும் அப்பாவின் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று அவர் பிள்ளைக்குத் தெரியும். வெளியிலிருந்து வருபவர் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் இரவில், வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு.

இதனால், நம்மைப் பற்றி நாம் மட்டுமே எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது நமக்கு விரிக்கப்பட்ட இன்னொரு வலை. கோட்பாடு சொல்ல ஒரு கூட்டம், தரவு கொடுக்க ஒரு கூட்டம் என்று இந்தியச் சமூக அறிவியல் பிரிந்து கிடப்பதைக் கோபால் குரு 2002இல் எழுதினார். நம் பிள்ளை ஆய்வுக்குப் போனால் "உன் சமூகத்தைப் பற்றியே செய்யேன், உனக்கு எளிது" என்று சொல்லும் வழிகாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். நான் மாயா வீட்டில் தங்கியதால் எனக்குக் கிடைத்தது இதுதான்: இன்னொரு மக்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் எனக்கு உண்டு, அதற்கான பொறுப்பும் உண்டு.

ஆனால் யார் போக முடியும்? தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை என்று ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான், கோடைப் பள்ளிகளுக்குக் கிடையாது. அதிலும் 2022இல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பணம் கிடைக்காது. காரணம், இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு போக வேண்டாமாம். 1916இல் நியூயார்க்கில் வாசிக்கப்பட்ட அந்தக் கட்டுரையை இந்த விதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கென உள்ள உதவித்தொகையில், சாதியைப் படிக்கப் பணம் இல்லை. இந்த விதியை எதிர்த்து எழுந்த குரல்கள் போதவில்லை. இங்கே இருக்கும் மாணவர் அமைப்புகள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். மன்றத்தாரிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். மே மாதத்தில் பத்து நாள், இருபது மாணவர்கள், நமக்கு நாமே ஒரு களப்பள்ளி. சேரியை எழுத வேண்டாம், அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஊரை எழுதுவோம். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, அந்தக் கணக்கு யார் கையில், ஏரி மீன் ஏலம் எந்தத் திண்ணையில் முடிவாகிறது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். ஒரே ஒரு கிராமத்தில் அந்த நிலத்தை இன்றைக்கு யார் உழுகிறார்கள் என்று வயலில் நின்று கேட்டு எழுதுவோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் நம் மனு ஒன்று எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்கு, எத்தனை நாளில், யார் கண்ணசைவில் நகர்கிறது என்று இடப்பக்கத்தில் எழுதுவோம். அலுவலகமும் ஒரு களம்தான், அங்கேயும் சடங்கு உண்டு.

ஆளுக்கு இரண்டு நோட்டு போதும், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. முதல் நாள் பயிற்சி, ஊர் டீக்கடையில் ஒரு மணி நேரம். எழுதியதை முதலில் வாசித்துக் காட்டுவது நம் தெருவில், நம் அம்மாக்களிடம். அவர்கள் வேண்டாம் என்பதை அடித்துவிட்டு மிச்சத்தை இந்த மன்றம் அச்சிடட்டும். வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயர் கொடுங்கள். பெண் பிள்ளைகள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். அடுப்படியில் நடப்பதை ஆண்களிடம் யாரும் சொல்வதில்லை.